குன்னூர் நிலவறையில் ஒயின்: ஏசியா, ஃப்ரிட்ஜா, வெறும் மண்ணா?

போன மே மாதம் வராந்தாவில் 25 டிகிரி. படியிறங்கி நிலவறைக்குள் போனால் 18. பழைய கல்வீடு, சமையலறைக்கு நேர் கீழே பத்துக்குப் பத்தில் ஓர் அறை, அதில் அறுபது பாட்டில். பெரும்பாலும் நாசிக் ஒயின். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த திராட்சை ஒயினும் இரண்டு உண்டு. ஒயினை வைத்து முதிரவிட 12 முதல் 14 டிகிரி, ஈரப்பதம் 60–70 சதவீதம் என்பார்கள். மிச்சமுள்ள அந்த நாலைந்து டிகிரிக்குச் செலவு செய்வதா, விடுவதா?

ஊட்டியிலிருக்கும் மாமாவிடம் கேட்டதும் சிரித்தார். “மாப்ளே, மலையையே ஃப்ரிட்ஜா வெச்சுக்கிட்டு ஏசி வாங்கப் போறியா?”

அவர் சொல்வது அவருக்குச் சரி. ஆழத்தில் இருக்கும் மண் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். பகல், இரவு ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கோடைச் சூடு கீழே இறங்கி வரவே வாரக்கணக்கில் ஆகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், சராசரி 14, 15 டிகிரி. அங்கே அறையைத் தோண்டிக் கதவு போட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. கொடைக்கானலுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். குன்னூர் அதைவிட நானூறு மீட்டர் தாழ்வு, அதனால் இரண்டரை டிகிரி போல கூடுதல். ஆனாலும் 18 டிகிரி கெடுதலான சூடு இல்லை. நான்கைந்து வருடத்துக்குள் குடித்துவிடும் ஒயினுக்கு, வருடம் முழுக்க நிதானமாக 15–18 என்று நிற்பது, தினமும் 13-க்கும் 20-க்கும் நடுவே ஆடுவதைவிட எவ்வளவோ மேல்.

மண்ணை நம்பினால் போதும் என்று முதல் வருடம் நானும் இருந்தேன். தப்பு வேறு இடத்தில் செய்தேன். ஜூன் மாதம் ‘காற்றோட்டம் வேண்டுமே’ என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். வெளிக்காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 90, சுவரோ 17. அந்தக் காற்று சுவரில் பட்டதும் வேர்த்தது. ஒரே வாரத்தில் லேபிள்களில் சாம்பல் நிறப் பூசணம், விரலால் தொட்டால் பேப்பர் கூழாகக் கையோடு வந்தது. எது எந்த பாட்டில் என்றே தெரியாமல் ஏழெட்டைக் குருட்டாம்போக்கில் திறந்து குடித்தோம். அது பரவாயில்லை! இப்போது ஜன்னல் திறப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, இரவில் மட்டும். வறண்ட குளிர்காற்று உள்ளே வரும், விடிந்ததும் மூடிவிடுவேன். அறையைக் குளிர்விக்க ஈரச் சாக்கு தொங்கவிடுவதும் அந்த மூன்று மாதம்தான் எடுபடும். மழைக்காலத்தில் அது பூசணத்துக்குத் தீனி.

ஸ்பிளிட் ஏசி? பெரும்பாலான ரிமோட்டில் 16-க்குக் கீழே இறங்காது. இருப்பது 18, இரண்டு டிகிரிக்காக 1 டன் மிஷின், அதுவும் இந்தச் சின்ன அறையில் ஓடின கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடும், மறுபடி ஓடும். அப்படி விட்டு விட்டு ஓடினால் மழைக்கால ஈரத்தையும் ஒழுங்காக இழுக்காது. வறண்ட மாதங்களிலோ இருக்கிற ஈரத்தையும் பிழிந்துவிடும். கார்க் காய்ந்து சுருங்கினால் பாட்டிலுக்குள் காற்று போகும். கோயம்புத்தூரில் இருந்தால் வேறு வழியில்லை என்று வாங்கலாம். இங்கே எனக்கு இதுதான் கடைசித் தேர்வு.

ஒயின் அறைக்கென்றே வரும் கூலிங் யூனிட் வேலையைச் சுத்தமாகச் செய்யும், 12 டிகிரி கேட்டால் 12, ஈரத்தையும் அதிகம் உறிஞ்சாது. ஆனால் அதன் சூடான பக்கம் வேறொரு காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும், வடிகிற தண்ணீருக்குக் குழாய் வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் கீழிருந்து மலை ஏறி வர வேண்டும். அறுபது பாட்டிலுக்கு அது அதிகம். முந்நூறு பாட்டில், பத்து வருடம் வைக்கிற எண்ணம் என்றால் யோசிக்கலாம்.

மலைக்கு ஏற்றது கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் ஒயின் ஃப்ரிட்ஜ். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் ஒரு சின்னத் தகடுதான் இதில் குளிர்விக்கும். சமவெளியில் இதை யாரும் மதிப்பதில்லை, காரணம் சுற்றியுள்ள காற்றைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் குறைக்கும். சென்னையின் 35-ல் அது தோற்கும். குன்னூரின் 22-ல் 12 தாராளமாகக் கிடைக்கும். அதிர்வும் அநேகமாகக் கிடையாது. ஒரே குறை, மின்சாரம். 70 வாட் நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும்.

நான் கடைசியில் செய்தது: சமையலறைத் தரைக்கு அடியில், நிலவறைக் கூரை முழுக்க இரண்டு அங்குல தெர்மாகோல், கதவு இடுக்குகளில் ரப்பர் பீடிங், குண்டு பல்புக்குப் பதில் எல்இடி. இந்த மே மாதம் நிலவறை வெப்பமானி 17-ஐத் தாண்டவில்லை. ரொம்ப நாள் வைக்க வேண்டிய பன்னிரண்டு பாட்டிலுக்கு மட்டும் ஒரு பெல்டியர் ஃப்ரிட்ஜ் வாங்கினேன். அதையும் நிலவறையில் வைக்கவில்லை. அது கக்கும் சூடு அங்கேயே தங்கிவிடும் என்பதால், மேலே ஸ்டோர் ரூமில் அரிசி டிரம் பக்கத்தில் நிற்கிறது.