"ஸ்கேன் பண்ணிட்டோம், ஈசிஎம் போச்சு" என்று சொன்னால் உடனே பணம் கட்டாதீர்கள்

பழைய ஹோண்டா சிட்டி வைத்திருப்பவர்கள், அதிலும் 1998-லிருந்து 2003 வரை வந்த முதல் உருவத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி. எங்கள் வண்டிக்கு ஆனது 400 ரூபாய் வேலை. அதற்கு முன்னால் நான் கொடுத்தது 28,300 ரூபாய். இன்னொரு 35,000 கொடுக்கவும் தயாராக இருந்தேன்.

வண்டி அப்பாவுடையது. 1999 மாடல், 1.5 இஎக்ஸ்ஐ. அப்பா வாங்கிய முதல் புது வண்டி அது. இப்போது அவருக்கு 74 வயது, அதிகம் ஓட்டுவதில்லை. நான்தான் ஓட்டுகிறேன். 2024 தொடக்கத்தில்தான் எஃப்சி காட்டி ஆர்சியை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தோம். வண்டியை விற்கும் எண்ணமே எங்களுக்குக் கிடையாது.

அந்த வருஷம் மே மாதம், கத்திரி வெயில். திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது மதுராந்தகத்தில் காபி குடிக்க நிறுத்தினோம். மணி ஒன்று இருக்கும். இருபது நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் எடுக்கவில்லை. பேட்டரி புதுசு, டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல். பத்து முறை முயன்றுவிட்டு, புளியமரத்து நிழலுக்கு வண்டியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டோம். ஐம்பது நிமிஷம் கழித்து ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. வீடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து தாம்பரத்தில் அதே மதியம், அதே கதை. இந்த முறை காத்திருக்க நேரமில்லாததால் டோ வண்டியைக் கூப்பிட்டு (2,500 ரூபாய்) ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெரிய இடம், ஏசி போட்ட வரவேற்பறை, எல்லா கம்பெனி வண்டியும் பார்ப்பவர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

அங்கே நான் முதலில் சொன்னதே இதுதான்: "சூடா இருக்கும்போது எடுக்க மாட்டேங்குது, ஒரு மணி நேரம் விட்டா தானா எடுக்குது." மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார். ஜாப் கார்டில் எழுதியதோ "ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது மட்டும்தான். நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய துப்பு அந்த ஒரு வரியில்தான் இருந்தது, அது காகிதத்துக்கு வரவே இல்லை. "அப்பா வருவாரா மேடம், அவர்கிட்ட விளக்கிச் சொல்றோம்" என்று கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது. வண்டியை ஓட்டியது நான். அது எப்போது நின்றது, எவ்வளவு நேரம் கழித்து எடுத்தது என்பது தெரிந்தவளும் நான்தான்.

மறுநாள் காலை போன் வந்தது. "மோட்டார் வீக் மேடம், மாத்தியாச்சு, இப்ப ஒரே அடில எடுக்குது." டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பைத்தான் மோட்டார் என்றார்கள். பம்ப் 7,200, ஃபில்டர் 900, லேபர் 1,500, ஆக 9,600. காலை பத்து மணிக்கு வண்டியை எடுத்தேன், உண்மையிலேயே ஒரே அடியில் எடுத்தது. எடுக்காமல் எப்படி இருக்கும்? இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டி. பம்ப்பை மாற்றாமல் விட்டிருந்தாலும் எடுத்திருக்கும். இது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நாலாம் நாள் மதியம் செங்கல்பட்டில் மறுபடியும் நின்றது. மறுபடியும் டோ, 4,000 ரூபாய். இந்த முறை டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் சாமான்) போச்சு என்றார்கள். செகண்ட்ஸில் ஒன்று 11,000, லேபர் 1,200. மறுபடியும் காலையில்தான் வண்டியைக் கொடுத்தார்கள், மறுபடியும் மதியம் நின்றது. நல்லவேளை, ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளி.

மூன்றாவது முறைதான் அந்த வாக்கியம் வந்தது. "ஸ்கேனர் போட்டுப் பார்த்துட்டோம் மேடம், ஈசிஎம் போச்சு. 35,000 ஆகும். பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டினா டில்லியிலிருந்து வரவழைக்கிறோம்." அட்வான்ஸைக் கட்டினேன். வண்டியின் மூளையே போய்விட்டது என்று ஒருவர் கணினியைக் காட்டிச் சொல்லும்போது மறுத்துப் பேச நமக்கு என்ன தெரியும்?

பில்களையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்த அப்பாதான் நிறுத்தினார். "பாப்பா, மூணு தடவ மூணு சாமான் சொல்லியிருக்கான். ஒரு தடவகூட எத சோதிச்சான்னு எழுதல. வண்டிய எடுத்துட்டு வந்துடு." பில்லை அப்படிப் படிக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புதுப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஒரு பாயைப் பற்றி அப்பாவின் நண்பர் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விளம்பரம் மாதிரி ஆகிவிடும், அதனால் அவர் பெயரையும் எழுதவில்லை. காலையில் போனேன், வண்டி ஜம்மென்று எடுத்தது. அவர் பானெட்டைத் தொடவே இல்லை. "எப்பம்மா நிக்குது? மதியமா? சரி, கண்ணாடிய ஏத்திட்டு வெயில்ல போடுங்க. சாப்பிட்டுட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். வண்டி நிற்கும்போது பார்த்தால்தான் நோய் தெரியும் என்பதை எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இரண்டு மணிக்கு வண்டி எடுக்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி! என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாவியை ஆனில் மட்டும் வைத்தார், செல்ஃப் அடிக்கவில்லை. "என்ன சத்தம் கேக்குது?" ஒன்றும் கேட்கவில்லை. "அதான்மா. பின்னாடி டேங்க்லருந்து ரெண்டு செகண்ட் 'ம்ம்'னு ஒரு சத்தம் வரணும்."

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சரி. மீதி இரண்டு கேள்விதான்: பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் வருகிறதா? கார்புரேட்டர் வண்டியில் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் தேங்கியிருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அப்படி இல்லை, பம்ப் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அந்த அழுத்தம் சுமார் 40 பிஎஸ்ஐ. சாவியை ஆன் செய்ததும் ஈசிஎம் பம்ப்பை இரண்டு விநாடி ஓடவிட்டு நிறுத்திவிடும். இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் வந்தால்தான் மறுபடி ஓடவிடும். விபத்தில் இன்ஜின் நின்றபிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஈசிஎம்முக்கும் பம்ப்புக்கும் நடுவில் நின்று இந்த வேலையைச் செய்வது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. மெயின் ரிலே என்பார்கள்.

பாய் முதலில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பார்த்தார். நல்ல ஸ்பார்க். அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம் பம்ப்புக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி டெஸ்ட் லாம்ப் வைத்தார். சாவியை ஆன் செய்தால் அது இரண்டு விநாடி எரிய வேண்டும், எரியவில்லை. கரண்டே வராத இடத்தில் பம்ப் எவ்வளவு புதுசாக இருந்து என்ன பயன்? மொத்தம் பத்து நிமிஷம். டெஸ்ட் லாம்ப்பும் ஸ்பார்க் டெஸ்டரும் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கும் சாமான்.

ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். ஈயம் வைத்த ஒரு கம்பியைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்டம். அதுதான் விரிசல். ரிலே தானே சூடாகும், மூடிய வண்டிக்குள் வெயில் சூடு வேறு. 25 வருஷம் விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி ஈயம் விட்டுவிட்டது. குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், சூடேறினால் விலகிவிடும். மதுராந்தகத்துப் புளியமர நிழல் ஏன் வேலை செய்தது என்பது அந்த நிமிஷம் விளங்கியது. இது அந்தக் கால ஹோண்டாக்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த வயசுக் கோளாறு என்றும், தான் இப்படிப் பத்துப் பன்னிரண்டு சரிசெய்திருப்பதாகவும் பாய் சொன்னார். பழைய ஈயத்தை எடுத்துவிட்டு எல்லா முனைக்கும் புதிதாக ஈயம் வைத்தார். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் அதை மாட்டிச் சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் அந்த 'ம்ம்' கேட்டது. 400 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்த ஸ்கேன் விஷயம். என் கோபமெல்லாம் அதில்தான். "எதுலம்மா ஸ்கேனர் மாட்டினாங்க?" என்று பாய் கேட்டார். புது வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட் ஒன்று இருக்கும், அதில்தான் சாதாரண ஸ்கேனர் மாட்டுவார்கள். எங்கள் வண்டியில் அந்த சாக்கெட்டே கிடையாது. இருப்பது இரண்டு ஒயர் வரும் ஒரு சின்ன கனெக்டர். அந்த இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்தால் மீட்டரில் இருக்கும் செக் இன்ஜின் விளக்கு சிமிட்டும். நீள சிமிட்டு பத்து, குட்டைச் சிமிட்டு ஒன்று, அதை எண்ணித்தான் கோளாறு எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாய் எனக்குச் செய்து காட்டினார். ஒரு கோளாறும் பதிவாகவில்லை. ஈசிஎம் போச்சு என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. அப்படியானால் அவர்கள் எனக்குக் காட்டிய கணினித் திரை யாருடைய வண்டியுடையது?

பம்ப்பை மாற்றியதை அறியாமை என்று என்னால் மன்னிக்க முடியும். டிஸ்ட்ரிபியூட்டர் என்று சந்தேகப்பட்டதும் முழுத் தப்பு இல்லை. அதற்குள் இருக்கும் இக்னைட்டரும் (ஸ்பார்க்கை உண்டாக்க உதவும் எலக்ட்ரானிக் சாமான்) சூட்டில் செத்து, குளிர்ந்ததும் உயிர் வரக்கூடியதுதான் என்று பாயே சொன்னார். அறிகுறி ஒன்றுபோலவே இருப்பதால்தான் ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொட வேண்டும். ஆனால் செய்யாத சோதனையைச் செய்ததாகச் சொல்லி 35,000 கேட்டது பொய். அதில் அறியாமை ஒன்றுமில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். அட்வான்ஸ் பத்தாயிரத்தை இரண்டு வாரம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். பழைய பம்ப்பும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரும் எங்கே என்றால் "ஸ்கிராப்ல போட்டுட்டோம்" என்கிறார்கள். 25 வருஷம் ஓடிய, இன்னும் ஓடக்கூடிய ஒரிஜினல் சாமான் இரண்டும் போய்விட்டன. இப்போது எங்கள் வண்டியில் இருப்பது யாரோ ஒருவருடைய பழைய டிஸ்ட்ரிபியூட்டர். பணத்தைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

உங்கள் வண்டிக்கு இப்படி ஆனால், டோ வண்டியைக் கூப்பிடும் முன் சாவியை ஆனில் வைத்து அந்த இரண்டு விநாடிச் சத்தத்தைக் கேளுங்கள். ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே, கடைசியில்தான் பம்ப். சத்தம் இருந்தால் ஸ்பார்க் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, தடங்கலே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால் அது வேறு விஷயம், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேற்கொண்டு செல்ஃப் அடிக்காமல் விட்டுவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்க்கும் வேலையைத் தெரிந்தவர்களிடமே விடுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் அது ஆபத்து.

ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சாமானை மாற்றும் முன் எதைச் சோதித்தீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள். கழற்றிய சாமான் என்னிடம் வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சூட்டில் வரும் கோளாறு என்றால் காலையில் டெலிவரி எடுக்காதீர்கள், மதியம் மூன்று மணிக்குப் போய் ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

புகார் கொடுக்க வக்கீல் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதற்கு ஒர்க்‌ஷாப் பதில் தராததால் ஆணையத்துக்குப் போனேன். மூன்று பில், டோ ரசீது, பாய் ரிலேயைத் திறந்தபோது என் போனில் எடுத்த படம், இவ்வளவுதான் என் ஆதாரம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அந்த ஒர்க்‌ஷாப்பின் பில் ஒன்றில் "ஈசிஎம் ஸ்கேன் கட்டணம்" என்று 750 ரூபாய் போட்டுப் பிறகு கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். உங்களிடம் 2000-க்கு முந்தைய இன்ஜெக்‌ஷன் வண்டி இருந்து, பழைய பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால், இன்றைக்கே போய் டேஷ்போர்டுக்கு அடியில் அந்த 16 முள் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.