குமிழில் ஒட்டிய பொட்டு: டான் நார்மனின் புத்தகத்தோடு ஆறு மாதம்

மென்பொருள் சோதனைப் பணியிலிருந்து பயனர் அனுபவ வடிவமைப்புக்கு, அதாவது ஒரு செயலியோ பொருளோ பயன்படுத்த எளிதாக அமையும்படி திட்டமிடும் வேலைக்கு, மாறிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். வார இறுதிப் பயிற்சி வகுப்புகளின் கட்டணத்தைக் கேட்டு மலைத்துப்போய், முதலில் படித்துப் பார்ப்போம் என்று வாங்கிய புத்தகம்தான் டான் நார்மனின் ‘தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்’. படிப்பதால் மட்டும் கைத்திறன் வந்துவிடுமா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்தப் புத்தகத்தை இங்கே மதிப்பிடுகிறேன்.

1988-இல் வேறொரு தலைப்பில் வெளிவந்த இந்நூல் பின்னர் பெயர் மாறி, 2013-இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. நார்மன் அடிப்படையில் உளவியல் அறிஞர். 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு, அதை இயக்கிய ஊழியர்கள் ஏன் தவறினார்கள் என்று ஆராய அழைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தவறு ஆட்களிடம் இல்லை, அவர்கள் முன் இருந்த கட்டுப்பாட்டுப் பலகையின் அமைப்பில் இருந்தது என்ற தெளிவிலிருந்தே அவருடைய வடிவமைப்புச் சிந்தனை கிளைத்தது. கைப்பிடியும் மூக்கும் ஒரே பக்கத்தில் அமைந்த காப்பிக் கெட்டில் ஒன்று அட்டையில் இருக்கிறது. என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, அச்சுப் பிழையா என்று கேட்டார்.

நூலகத்தில் தேட நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு. நூலகங்கள் பொருள்வாரியாக நூல்களுக்கு எண் தரும் டியூவி வகைப்பாட்டில் இதற்குரிய எண் 745.2, அதாவது தொழில்பொருள் வடிவமைப்பு. மென்பொருளின் பயனர் இடைமுகம் பற்றிய நூல்களோ 005.437 என்ற எண்ணின் கீழ் வெகுதூரம் தள்ளி நிற்கும். கணினி அலமாரியை மட்டும் துழாவிவிட்டுத் திரும்புகிறவர்கள் இந்தத் துறையின் பாதியைக் காணாமலே போய்விடுவார்கள். நான் சொந்தப் பிரதி வாங்கி, சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சொந்த நூல் வாசிப்புப் பகுதியில் உட்கார்ந்து படித்தேன்.

எங்கள் வீட்டில் நான்கு பர்னர் கேஸ் அடுப்பு இருக்கிறது. பர்னர்கள் சதுரமாக இரண்டிரண்டாக நிற்க, குமிழ்கள் மட்டும் முன்னால் ஒரே வரிசையில் இருக்கும். பாலைச் சிறுதீயில் வைத்ததாக நினைத்துக்கொண்டு, காலியாக எரிந்த பக்கத்து பர்னரைக் குறைத்துவிட்டுப் பால் பொங்கி வழிவதைப் பார்ப்பது எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது நடக்கும். ஒருநாள் அம்மா, பின்வரிசை இடது பர்னருக்கு உரிய குமிழின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டார். அன்றோடு பால் வழிவது நின்றது. இதே அடுப்புச் சிக்கலை நார்மன் படம் போட்டு விளக்குகிறார். குமிழ்களின் வரிசை பர்னர்களின் அமைப்பை ஒத்திருந்தால் யாரும் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதையே அவர் மேப்பிங் என்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான், அம்மா செய்தது வெறும் சமாளிப்பு அல்ல, தயாரிப்பாளர் வைக்க மறந்த அடையாளத்தைத் தானே வைத்த வடிவமைப்பு வேலை என்பது எனக்கு உறைத்தது.

இத்தகைய அடையாளத்துக்கு நார்மன் தரும் பெயர் சிக்னிஃபையர். ஒரு பொருளை வைத்து இன்னின்னது செய்ய இயலும் என்பது அஃபார்டன்ஸ். அதை எங்கே, எப்படிச் செய்வது என்று கண்ணுக்குக் காட்டுவது சிக்னிஃபையர். பழைய பதிப்பைப் படித்தவர்கள் இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் 2013 பதிப்பில் இந்தச் சொல்லைத் தனியே பிரித்துச் சேர்த்தார். சொல் வேறுபாடுதானே என்று தள்ளிவிட வேண்டாம். இந்தப் புத்தகத்தால் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சியே இதில்தான் தொடங்கியது.

பயிற்சி இதுதான்: நகரத்தில் எங்கெல்லாம் யாரோ ஒருவர் கையால் எழுதிக் காகிதம் ஒட்டியிருக்கிறாரோ, அங்கெல்லாம் நின்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது. பணம் எடுக்கும் இயந்திரத்தில் ‘கார்டை இப்படிச் செருகவும்’ என்று பேனாவால் வரைந்த அம்புக்குறி. இருபுறமும் ஒரே மாதிரிப் பிடி வைத்த கண்ணாடிக் கதவில் ‘இழு’ என்ற சிவப்பெழுத்து. அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவிட்சுப் பலகையில் ‘மோட்டார் – தொடாதே’ என்ற பிளாஸ்திரி. அந்த மனிதர் என்ன செய்ய வந்தார், பொருள் அவருக்கு என்ன சொன்னது, ஒட்டிய காகிதம் எதைச் சரிசெய்தது என்று மூன்று பத்திகள் போட்டு எழுதினேன். ஆறு மாதத்தில் 43 குறிப்புகள் சேர்ந்தன. வேலைக்கான நேர்காணல் ஒன்றில், என்னிடம் இருந்த திரை வரைபடங்களை ஒதுக்கிவிட்டு இந்த நோட்டைப் பற்றித்தான் அரைமணி நேரம் பேசினார்கள். ‘இழு’ என்ற அந்தக் கண்ணாடிக் கதவு அவர்கள் அலுவலகத்திலும் இருந்ததோ என்னவோ.

இரண்டாம் அத்தியாயம் ஒரு செயலை ஏழு படிகளாகப் பிரிக்கிறது: இலக்கு ஒன்று, அதை நிறைவேற்றும் படிகள் மூன்று, நடந்ததைப் பார்த்துப் புரிந்து ஒப்பிடும் படிகள் மூன்று. தாளில் படிக்கும்போது கொஞ்சம் வறண்டுதான் தெரிந்தது. மாடி வீட்டு அக்காவிடம், அவர் கைப்பேசியிலிருந்த ஒரு செயலியில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்த பிறகு அந்த ஏழு படிகளும் உயிர்பெற்றன. பொத்தானில் ‘உறுதிப்படுத்தவும்’ என்ற சொல் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. “என்னப்பா, உறுதிப்படுத்-னு பாதியில நிக்குது, நான் இப்ப என்ன பண்ணணும்?” என்றார். எப்படியோ அழுத்தியபின் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. சொல் எதுவும் இல்லை. பதிவானதா இல்லையா என்று தெரியாமல் பின்னால் போகும் பொத்தானை அழுத்திவிட்டார். அழுத்துவதற்கு முன் வந்த தடுமாற்றத்தைச் செயற்பாட்டு இடைவெளி என்றும், அழுத்திய பின் வந்ததை மதிப்பீட்டு இடைவெளி என்றும் நார்மன் பிரித்துப் பெயரிடுகிறார். ஒரு திரையில் இவ்விரண்டில் எது பழுதாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், எதைத் திருத்துவது என்ற பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிறகு அக்கா சொன்னார்: “எனக்கு இந்த போன் எல்லாம் சரிப்பட்டு வராதுப்பா, பையன் வந்ததும் போட்டுக்கறேன்.” பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்ளும் இந்த வாக்கியத்தை விளங்கிக்கொள்ள ஐந்தாம் அத்தியாயத்தைப் படிக்க வேண்டும், என் கணக்கில் புத்தகத்தின் உச்சம் அதுதான். சரியான எண்ணத்தோடு கை தவறுவதையும், எண்ணமே தவறாக அமைவதையும் நார்மன் வேறு வேறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்று காட்டுகிறார். சர்க்கரை என்று நினைத்து உப்பு டப்பாவை எடுப்பது முதல் வகை. சுற்றும் வட்டத்தைக் கண்டு பதிவாகவில்லை என்று முடிவுகட்டுவது இரண்டாம் வகை. முதலாவதற்கு டப்பாக்களை வேறுபடுத்தினால் போதும்; இரண்டாவதற்கு நடப்பதைச் சொல்லும் ஒரு வரி வேண்டும்.

குறைகளும் உண்டு. புதிதாகச் சேர்த்த ஆறாம், ஏழாம் அத்தியாயங்கள் முந்தையவற்றின் செறிவோடு இல்லை. வணிக உலகைப் பற்றிய ஏழாவதை நான் இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டேன். திருத்திய பதிப்பிலும் பழைய குளிர்சாதனப் பெட்டி போன்ற எடுத்துக்காட்டுகள் அப்படியே தொடர்கின்றன. திரை வரைபடம் போடுவதையோ பயனரிடம் கேள்வி கேட்கும் முறையையோ படிப்படியாக இது கற்றுத்தராது. அதைத் தேடி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். அக்காவின் பொத்தானில் வெட்டுப்பட்டது போல, ஆங்கிலத்துக்கு அளந்த இடத்தில் தமிழ்ச் சொல் அடங்காமல் போகும் நம் ஊர்ச் சிக்கலுக்கும் இதில் விடை இல்லை. ‘உறுதிசெய்’ என்று எழுதியிருந்தால் அடங்கியிருக்கும் என்பது நானாகக் கண்டுகொண்டது.

படிப்படியான செய்முறை இல்லாத குறையை ஈடுகட்ட, பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து பயன்பாட்டு விதிகளை நான்காம் அத்தியாயத்தோடு சேர்த்துப் படித்தேன். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஏறக்குறைய 85 சதவீதச் சிக்கல்கள் தென்பட்டுவிடும் என்று அவர் 2000-இல் எழுதியதை நம்பி, அக்காவுக்குப் பிறகு இன்னும் நால்வரை அதே செயலியோடு உட்கார வைத்தேன். நால்வரில் மூவர் அதே வட்டத்திலேயே நின்றார்கள்.

வாங்குபவர்கள் பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய புத்தகக் கடைகளில் முந்தைய பதிப்பும் அதே தலைப்போடு புழங்குகிறது. விலை குறைவு என்று எடுத்துவிட்டால் சிக்னிஃபையர் பற்றிய பகுதியே கிடைக்காது. பின்னால் இருக்கும் சொல்லடைவில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். ஆங்கிலம் எளிமையானதுதான், ஆனால் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். எனக்கு மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன.