அவலாஞ்சி 'மீன் பண்ணை டூர்': பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

"அவலாஞ்சி டிரவுட் பண்ணை, காட்டுக்குள் சவாரி, டிரவுட் மீன் சாப்பாடு, குழந்தைகளுக்கு ஏற்றது" என்று வாட்ஸ்அப்பில் ஊட்டி பேக்கேஜ் விளம்பரம் ஏதாவது வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். தலைக்கு 1,400 ரூபாய், பாதி முன்பணம். மே மாதத்தில் அக்கா குடும்பத்தோடு போய் ஏமாந்து வந்திருக்கிறோம்.

மீனிலிருந்து முட்டை எடுப்பதை நேரில் காட்டுவார்கள் என்று விளம்பரம் சொன்னது. பிள்ளைகள் கிளம்பியதே அதற்குத்தான். அவலாஞ்சியின் குஞ்சு பொரிப்பகம் உண்மையிலேயே பழைய இடம். 1907-ல் தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க வேண்டும் என்பதற்காகக் கடல் கடந்து கொண்டுவந்த மீன் டிரவுட். ஆனால் அது குளிர்காலத்தில்தான் முட்டையிடும். பண்ணைகளில் பெண்மீனின் வயிற்றை மெதுவாக நீவி முட்டையை எடுத்து, ஆண்மீனின் விந்தோடு கலப்பதும் அந்தக் காலத்தில்தான். மே மாதத்தில் இதையெல்லாம் காட்டுகிறோம் என்றால் அது சுத்தப் பொய்.

சரி, அன்று நடந்தது இது. முதலில் சாக்லேட் கடை, பிறகு தேயிலைக் கடை. கமிஷன் விஷயம், எல்லோருக்கும் தெரிந்ததே. அப்புறம், அவலாஞ்சி போகும் வழியில் உள்ள எமரால்டு ஊருக்கு முன்பே வண்டி ஒரு தனியார் தோட்டத்துக்குள் திரும்பியது. 'டிரவுட் ஃபார்ம்' என்று போர்டு, வெயிலில் பச்சைத் தண்ணீர் தேங்கிய சிமென்ட் தொட்டிகள். தீவனம் ஒரு பாக்கெட் 50 ரூபாய், அது பேக்கேஜில் சேராதாம்!

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுக்கு மீசை இருக்கே, கெண்டை மாதிரி?" என்று கேட்டார். "மலைத் தண்ணியில வளந்தா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் டிரைவர்.

அது சாதா கெண்டையேதான். 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த இனம். வாயோரம் மீசை இருக்கும். டிரவுட்டுக்கு மீசை கிடையாது. உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு சதைத் துடுப்பும் இருக்கும். ரெயின்போ வகை என்றால் பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடிக்கொண்டே இருக்கும் குளிர்ந்த தண்ணீரில்தான் டிரவுட் நன்றாக இருக்கும். தொட்டியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சாப்பாட்டிலும் அதே கதை. மசாலா தடவி வறுத்துவிட்டால் மீசை தெரியாது, முள் காட்டிக்கொடுத்துவிடும். கெண்டைச் சதைக்குள் கவட்டை கவட்டையாக முள் இருக்கும். அக்கா மகனுக்கு ஒவ்வொரு துண்டாகப் பிய்த்துப் பார்த்து ஊட்ட வேண்டியிருந்தது.

காட்டுச் சவாரிக்கு "டிக்கெட் தீந்துடுச்சு சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தச் சவாரி வனத்துறையுடையது. அவலாஞ்சியில் அவர்களுடைய கவுன்ட்டரிலேயே டிக்கெட் வாங்கி, அவர்களுடைய வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் பிடிவாதம் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டரை மூடிக்கொண்டிருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஏஜென்ட் சொன்ன பதில்: "மீன் காட்டினோம், மீன் போட்டோம், வேற என்ன சார் வேணும்?" மறுபடி கூப்பிட்டால் நம்பரை பிளாக் செய்திருந்தார். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அப்படியே இருந்ததால் பதிவது சுலபமாக இருந்தது. நீங்களும் எதையும் அழிக்காதீர்கள்.

போக நினைப்பவர்கள் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்துக்கொண்டு நேராக அவலாஞ்சிக்கே போங்கள். பொரிப்பகத்தில் அன்று பார்வையாளர்களை விடுகிறார்களா என்று மீன்வளத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மழைக்காலமாக இருந்தால் வானிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய இடம் அது.