முதல் ஏழு நாள்: குஞ்சுத் தீவனத்தில் எதைச் சேர்க்கலாம்?

நாற்பது கிராம் சொச்சத்தில் வந்து இறங்கும் பிராய்லர் குஞ்சு, ஏழாம் நாள் அதைப்போல நான்கு மடங்கு எடை தொட வேண்டும். தவறினால் அந்த பேட்ச் கடைசிவரை இழுவைதான். அதனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தீராது: ஆன்டிபயாட்டிக்கா, ஆசிடா, புரோபயாட்டிக்கா, ஓமம் பூண்டா?

ஆன்டிபயாட்டிக் மலிவு, பழகிய கை. குடலில் கிருமி குறைந்தால் தின்றது உடம்பில் ஒட்டும். ஆனால் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகளுக்கு அதனால் எடை கூடவில்லை என்று 1960களிலேயே பார்த்துவிட்டார்கள். அழுக்கு ஷெட்டில்தான் அதன் வித்தை செல்லும். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் ஆபத்து வேறு. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுதாக நிறுத்தியது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழிக்கு விற்க இந்தியா 2019இல் தடை போட்டது.

என் ஓட்டு ஆசிடுக்கு. கெட்ட கிருமியை அடக்கும் ஃபார்மிக், பியூட்ரிக் மாதிரியான புளிப்பு அமிலங்கள்; குடிக்கிற தண்ணீரிலும் கலக்கலாம். ஒரு சிக்கல், நம் போர் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு ஆசிடையும் தின்றுவிடும். பாக்கெட்டில் போட்ட அளவை ஊற்றினால் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு) அசையவே அசையாது. அதனால் வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பிஎச் தாளை நனைத்துப் பார்த்து அளவைப் பிடியுங்கள். ரொம்பப் புளித்தால் குஞ்சு குடிக்காது. தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளில் ஆசிட் வேண்டாம்.

புரோபயாட்டிக், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை. குஞ்சின் குடல் காலியாக இருக்கும்போதே நல்ல கிருமி உட்கார்ந்துவிட்டால் கெட்டதற்கு இடமில்லை. தீவனத்தைச் சூடாக்கி அழுத்திக் குருணையாக்கும் பெல்லட் சூட்டில் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல கிருமி செத்துவிடும், பேசிலஸ் வகை தாங்கும். ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துப் போடுவது காசைக் கரைப்பது.

ஓமத்தில் தைமால் என்ற பொருள் இருக்கிறது, கிருமியை அடக்கும், சரி. ஆனால் அஞ்சறைப்பெட்டி ஓமத்தில் அது எவ்வளவு என்று யார் அளப்பது?

எதைச் சேர்த்தாலும் முதல் நாள் ராத்திரி சில குஞ்சுகளைக் கையில் எடுத்துத் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தடவுங்கள். கஞ்சி மாதிரி குழைந்திருந்தால் நல்லது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. காலி என்றால் குஞ்சுக்கு இதம் கொடுக்கும் புரூடர் சூட்டைப் பாருங்கள், மருந்துக் கடைக்கு அப்புறம் போகலாம்.