மலிவான கேமிங் கணினி: எந்தக் குறையோடு வாங்கலாம்?

முதன்முறையாகக் கேமிங் கணினி வாங்குபவருக்கு, பாகங்களைத் தனித்தனியே தேடிப் பிடித்துக் கோப்பதைவிட, கோத்தே விற்கப்படும் கணினி எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் குறைந்த விலைப் பிரிவில் குறையே இல்லாத கணினி என்று ஒன்று கிடையாது. விலையைக் குறைக்க விற்பவர் எங்காவது கை வைத்தே ஆக வேண்டும். ஆகவே எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தக் குறையைப் பின்னாளில் அளவான செலவில் சரிசெய்துகொள்ளலாம், எந்தக் குறை கணினி உள்ளவரை கூடவே வரும் என்று கேட்பது பயனுள்ளது. சந்தையில் கிடைக்கும் நான்கு வகைகளை அந்த ஒரே அளவுகோலால் இங்கே அளந்து பார்க்கிறேன்: பெரிய நிறுவனங்களின் பெயரோடு வரும் கேமிங் டவர், பொதுவான பாகங்களைக் கொண்டு அசெம்பிள் செய்து விற்கப்படும் கணினி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் செயலிக்குள்ளேயே கிராஃபிக்ஸ் அமைந்த கணினி, பழைய அலுவலகக் கணினியில் ஒரு கார்டைச் செருகிக் கேமிங் கணினி என்று விற்கப்படுவது.

கடைசியாகச் சொன்னதுதான் நான்கில் விலை குறைந்தது. ‘ஐ7, 16 ஜிபி ரேம், கிராஃபிக்ஸ் கார்டுடன்’ என்ற விளம்பர வரி கண்ணைப் பறிக்கும். ஆனால் தலைமுறை எண்ணைச் சொல்லாத ஐ7 எதையும் சொல்லாத பெயர். 2015இல் வந்த ஐ7-6700 செயலியில் நான்கு கோர்களே (கணக்கிடும் பகுதிகள்) உள்ளன. 2022இல் வந்த ஐ5-12400எஃப் செயலியில் ஆறு கோர்கள், ஒவ்வொன்றும் பழையதைவிடத் தெளிவாக வேகமானது. அதைவிடப் பெரிய தொல்லை, ஐ7-6700 உள்ளிட்ட ஆறாம் தலைமுறை இன்டெல் செயலிகள் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை என்பது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

உறவினர் ஒருவர் வாங்கிவந்த இத்தகைய கணினியின் பக்கவாட்டு மூடியை ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். பாகங்களெல்லாம் பொருந்தும் மதர்போர்டு என்ற பலகைக்கு மின்சாரம் தரும் இணைப்பு வழக்கமான 24 பின் வகையாக இல்லாமல், அந்தத் தயாரிப்பாளருக்கே உரிய சிறிய வடிவத்தில் இருந்தது. மின்சாரம் வழங்கும் பெட்டியான பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கெனத் தனிக் கம்பி ஏதும் வரவில்லை. எனவே கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாகக் கிடைக்கும் 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டைத் தவிர வேறெதையும் அதில் பொருத்த வழியில்லை. பவர் சப்ளையை மாற்றலாம் என்றாலோ, பொதுச் சந்தையில் கிடைப்பது அந்தக் கேபினட்டுக்குள் நுழையவும் நுழையாது, மதர்போர்டில் பொருந்தவும் பொருந்தாது. ஒரு பாகத்தை மாற்றப் போய்ப் புதுக் கணினியே வாங்கும் நிலை அது. விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியோடு முழு அளவு டவராகக் கிடைத்து, அதில் 70 வாட்டில் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகையைப் பொருத்தித் தந்தால், பழைய ஆட்டங்களுக்கு அது மோசமில்லை. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

செயலிக்குள்ளேயே கிராஃபிக்ஸ் அமைந்த கணினி இதற்கு நேர் எதிர். இன்றைக்கு அது மெதுவாக இருக்கும். ஆனால் நாளைக்குக் கதவு திறந்திருக்கும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 8600ஜி செயலியில் உள்ள ரேடியான் 760எம் கிராஃபிக்ஸ், இணையவழிப் போட்டி ஆட்டங்களை 1080பி (1920×1080) திரை அளவில், அமைப்புகளைக் குறைத்து வைத்தால், தாராளமாகவே ஓட்டுகிறது. பின்னர் கையில் பணம் சேரும்போது ஒரு கார்டு போட்டுக்கொள்ளலாம். இங்கேதான் ஒரு நுணுக்கம் உண்டு. 8600ஜி செயலி கார்டுக்கு எட்டு பிசிஐஇ லேன்களை (தரவு செல்லும் பாதைகளை) தருகிறது, பெயரில் ஒரு படிதான் கீழே நிற்கும் 8500ஜி நான்கை மட்டுமே தருகிறது. பின்னாளில் கார்டு போடுவதாக எண்ணியிருப்பவர் 8500ஜி உள்ள கணினியைத் தவிர்ப்பதே நல்லது. இந்த வகையில் ரேம் இரண்டு துண்டுகளாக இருப்பதும் கட்டாயம். கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது என்பதால், ஒற்றைத் துண்டு ரேமில் ஆட்டத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விழும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். பெரிய நிறுவனத்தின் டவருக்குரிய பலம், பழுதானால் பேச ஒரே ஒரு முகவரி இருப்பது. எந்தப் பாகத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்கும் வேலை நம்முடையதல்ல. தொடக்கநிலையாளருக்கு இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. பலவீனமும் அதே மூலத்திலிருந்துதான் வருகிறது: இவற்றில் பலவற்றின் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கின்றன. காற்றோட்டமில்லாத முகப்பு, சிறிய கூலர், ஒற்றை ரேம் துண்டு ஆகியவையும் இந்தப் பிரிவில் அடிக்கடி காணக் கிடைப்பவையே. ரேமை இன்னொரு துண்டு வாங்கித் தீர்க்கலாம். ரேம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் அது சின்னச் செலவாக இராது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பவர் சப்ளையின் வடிவத்தைத் தீர்க்க வழியில்லை.

அசெம்பிள் செய்து விற்கப்படும் கணினியில் எல்லாமே ஏடிஎக்ஸ் என்ற பொதுத் தர அளவுகளில் இருப்பதால் எதையும் எப்போதும் மாற்றலாம். ஆனால் விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது வாங்குபவர் கேட்காத பாகத்தில். செயலி, கார்டு பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும். பவர் சப்ளை மட்டும் ‘600 வாட்’ என்று ஊர்பேர் தெரியாமல் நிற்கும். ‘80 பிளஸ்’ முத்திரை இருந்தாலும் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்றுதான், தரத்துக்கோ பாதுகாப்புக்கோ கொடுத்த உறுதிமொழி அல்ல. பவர் சப்ளையின் நிறுவனமும் மாடல் எண்ணும், மதர்போர்டின் மாடல் எண்ணும் எழுத்தில் கிடைக்காவிட்டால், வண்ண விளக்குகள் எத்தனை இருந்தாலும் நான் அந்தக் கணினியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன்.

கார்டின் பெயரிலும் இதே கண்ணாமூச்சி நடக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி வகையும் 6 ஜிபி வகையும் உள்ளன. குறைவது நினைவகம் மட்டுமன்று, கோர்கள் 2560இலிருந்து 2304 ஆகவும், நினைவகப் பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் குறைகின்றன. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் வருகின்றன. எது என்று சொல்லாத விளம்பரத்தில் இருப்பது 8 ஜிபி என்றே கொள்ளலாம். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டுக்கும் 8 ஜிபிதான். 1080பி திரையில் விளையாடத் தொடங்குபவருக்கு இது இப்போதைக்குப் போதும். புதிய கனமான ஆட்டங்களில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒரு படி இறக்க வேண்டிவரும். இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபியோடு வந்து ஆசை காட்டுகிறது. ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரே வீச்சில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அது தடுமாறும், பழைய செயலியோடு சேர்த்தாலும் வேகம் குறையும். ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 7600 போன்ற செயலியோடு வந்தால் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம். ஜிடிஎக்ஸ் 1660 போன்ற பழைய கார்டுகளில், ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் கிடையாது. 2025இல் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ அந்த வன்பொருள் இல்லாமல் தொடங்கவே தொடங்காது.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், என் முதல் தேர்வு பாகங்களின் மாடல் எண்களைத் திறந்து காட்டும் அசெம்பிள் செய்த கணினி. அதிலும் ஏஎம்5 சாக்கெட் (ஏஎம்டி செயலியைப் பொருத்தும் இடம்) உள்ள கணினி, ஏனென்றால் அதை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது, இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டோ 14ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. பழுது பார்க்க யாரும் அருகில் இல்லாதவர், மாற்ற முடியாத பாகங்கள் எவை என்று தெரிந்துகொண்டே பெரிய நிறுவனத்தின் டவரை வாங்கலாம். கையில் பணம் போதவில்லை என்றால் அலுவலகக் கணினியின் பக்கம் போகாமல் 8600ஜி கணினியை வாங்கிக் காத்திருப்பதே என் யோசனை.

எதை வாங்கினாலும் முதல் நாளே பார்க்க வேண்டியது, மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இரண்டு வாரம் கார்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். கேபிள் கார்டில் இல்லாமல் மேலே மதர்போர்டின் துளையில் இருந்தது. எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் செயலியாக இருந்திருந்தால் திரையில் ஒன்றுமே வந்திருக்காது, தவறு அன்றே பிடிபட்டிருக்கும். அவனுடைய செயலியில் கிராஃபிக்ஸ் இருந்ததால் படம் நன்றாகவே வந்தது, ஆட்டம் மட்டும் நொண்டியது.