“எஃப்.சி. நாங்களே போட்டுத் தருகிறோம்”: 15 வயதை நெருங்கும் கார் வாங்குவோருக்கு எச்சரிக்கை

நேற்று மாலை அந்தக் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுத்துத் தர முன்கூட்டிக் கொடுத்த 18,500 ரூபாய் போனது போனதுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் அங்கே ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். 2008 இறுதியில் தயாராகி, 2009 ஆகஸ்ட் 12 அன்று பதிவான வண்டி. விலை பேசி முடித்த பிறகு கடைக்காரர் தேநீர் வரவழைத்தார். ஆர்.சி. எனும் பதிவுச் சான்று அட்டையை எடுத்து, அதிலிருந்த 2024 ஆகஸ்ட் 12 என்ற தேதியைச் சாவி முனையால் தொட்டுக் காட்டினார். “சார், எங்க கிட்ட ஒளிவுமறைவு கிடையாது. இன்னும் எட்டு மாசத்துல வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடியுது” என்று அவரே தொடங்கினார். தயாரித்த ஆண்டை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது, பதிவு செய்த தேதிதான் கணக்கு என்றார். வாடகைக்கு ஓடும் டி போர்டு வண்டி என்றால் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும், இது ஓன் போர்டு (சொந்த உபயோக வண்டி) என்பதால் 15 ஆண்டுகள் கவலை இல்லை, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விளக்கினார்.

இவை அனைத்தும் உண்மை. என்னை வீழ்த்தியதும் அதுதான். பொய் சொல்பவன் இவ்வளவு சரியாகப் பாடம் நடத்த மாட்டான் என்று நினைத்துவிட்டேன்.

புதுப்பிக்கும் வேலை முழுவதையும் தாங்களே முடித்துத் தருவதாகவும், கட்டணம், பசுமை வரி, சில்லறை டிங்கரிங், ‘ஆபீஸ் செலவு’ எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். நான் தயங்கியதைக் கண்டதும் ஒரு பையனை அழைத்தார். அவன் பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண் பொறித்திருந்த இடத்தைத் துணியால் துடைத்து, அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தான். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன. “பாருங்க சார், அப்ளிகேஷன் வேலை இப்பவே ஆரம்பிச்சாச்சு” என்றார். நான் அங்கேயே கைப்பேசியை எடுத்து 18,500 ரூபாயை அனுப்பினேன். ரசீது கேட்டபோது, கடை முத்திரை ஏதும் இல்லாத துண்டுச் சீட்டில் ‘எஃப்.சி. 18,500 வரவு’ என்று எழுதிக் கொடுத்தார். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், எதற்கென்றுதான் தெரியவில்லை.

பெயர் மாற்றத்தை ஒரே மாதத்தில் ஒழுங்காக முடித்துக் கொடுத்ததால் நம்பிக்கை இன்னும் கூடியது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் வந்தது. பிப்ரவரியில் சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். மார்ச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) விடுப்பு. ஏப்ரலில் அலுவலகத்தில் எல்லாரும் தேர்தல் பணிக்குப் போய்விட்டார்களாம். மே மாதம், எல்லாம் முடிந்துவிட்டது, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்த அட்டை தபாலில் வீட்டுக்கே வரும் என்றார்கள். இப்போது ஆர்.சி. அட்டை தபாலில்தான் வருகிறது என்பதால் அதையும் நம்பினேன்.

செப்டம்பரில் ஒரு வாகனச் சோதனையில் காவலர் என் வண்டி எண்ணைக் கருவியில் தட்டிவிட்டு, “ஆர்.சி. போன மாசமே முடிஞ்சு போச்சே. இது பதிவில்லாத வண்டி மாதிரிதான்” என்றார். பின் இருக்கையில் என் மகள் இருந்தாள். அந்த நிமிடத்தின் அவமானத்தை 18,500 ரூபாயோடு சேர்த்துக் கணக்கிட முடியாது.

மறுநாள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் கதையைக் கேட்டு, புதுப்பிப்பதற்கான 25ஆம் எண் படிவத்தைக் காலாவதித் தேதிக்கு 60 நாள்களுக்கு முன்பு கொடுக்கவே முடியாது என்றார். அதாவது என் வண்டிக்கு ஜூன் 13க்கு முன்னால் எந்த வழியும் இல்லை. மே மாதம் ‘முடிந்துவிட்டது’ என்றது அப்பட்டமான பொய். வண்டியை நேரில் கொண்டுவந்து காட்டினால்தான் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திடுவார் என்பதையும் அவர்தான் சொன்னார். அந்த எட்டு மாதமும் வண்டி என் வீட்டு வாசலில்தான் நின்றது! அது கூடவா எனக்கு உறைக்காமல் போயிற்று என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

என் காருக்கு அப்போது புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய்தான். 2022 ஏப்ரலுக்கு முன் வெறும் 600 ரூபாயாக இருந்ததாம். கட்டணத்தை நானே கட்டினேன். காலம் தாழ்ந்ததற்கு மாதம் 500 ரூபாய் வீதம் கூடுதலாகவும், பசுமை வரி தனியாகவும் போயின. முதல் நாள் கைப்பிரேக் பிடிக்கவில்லை என்றும் பின் டயர் வழுக்கையாகிவிட்டது என்றும் ஆய்வாளர் திருப்பி அனுப்பினார். ‘சில்லறை டிங்கரிங்’ செய்த அழகு அப்போதுதான் தெரிந்தது. இரண்டையும் சரிசெய்து இரண்டாம் முறை காட்டிய பிறகு, ஒரு புரோக்கரும் இல்லாமல் வேலை முடிந்தது.

பணத்தைக் கேட்டுக் கடைக்கு இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை, சேஸிஸ் எண் எடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், பணம் அவனிடம்தான் போயிருக்கும் என்றார்கள். இரண்டாம் முறை, பணம் போனது கடைக்காரரின் எண்ணுக்கு என்று கைப்பேசியைக் காட்டியதும், அது வண்டி விலையின் பாக்கி என்று பேச்சை மாற்றினார்கள். மூன்றாம் முறை முதலாளி வெளியூர். நேற்று முதலாளி உள்ளேயே இருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துவிட்டு, இன்னொருவருக்குத் தேநீர் வரவழைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கும் சாவி முனையால் ஏதோ ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினார்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்துதான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. வாங்கும் வண்டியின் பதிவுத் தேதியைப் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். 14 வயதைத் தாண்டிய காருக்கு எஃப்.சி. பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். வண்டி உங்கள் வாசலில் நிற்கும்போது எஃப்.சி. முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கிளம்பிப் போய்ச் சண்டை போடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கத் துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இன்று நகல் எடுக்கப் போகிறேன். 18,500 ரூபாய்.