சேசிஸ் கிரீஸா, லித்தியம் ஈ.பி.-2 கிரீஸா?

விலையை மட்டும் பார்த்தால் லாரிக்குக் கால்சியம் சேசிஸ் கிரீஸ்தான் கையில் வரும். மழைச் சேற்றில் ஓடுகிற வண்டியில் அதைக் குறை சொல்லவும் முடியாது. தண்ணீர் பட்டால் சட்டென்று கழுவிப் போகாது. பட்டை ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் பின்னுக்கு அது போதும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டிலுள்ள கூட்டல் குறி வடிவத் துண்டு, வேறு கதை. அதன் நான்கு முனையிலும் உள்ள கப்புக்குள் ஊசி ஊசியாக நீடில் பேரிங். சுமையோடு மேடு ஏறும்போது அழுத்தம் முழுக்க அங்கேதான். சாதாரண கால்சியம் கிரீஸ் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகி ஒழுகும். லித்தியம் கிரீஸ் இளகி ஒழுக சுமார் 180 டிகிரி ஆக வேண்டும், அதிலுள்ள ஈ.பி. (எக்ஸ்ட்ரீம் பிரஷர், கடும் அழுத்தம் தாங்கும்) சேர்மானம் பாரத்தில் உலோகம் தேயாமல் காக்கும். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டான டை ராடு எண்டு, இவற்றுக்கும் நான் இதையே அடிப்பேன். விலை கூடத்தான், ஆனால் கிராஸ் உடைந்து நடுவழியில் நின்று பார்த்தவர்கள் அதைப் பேச மாட்டார்கள்.

அப்புறம், கிராஸுக்கு எதை அடித்தாலும் நான்கு கப்பின் சீலிலும் கறுத்த பழசு வெளியேறி, புதுசு எட்டிப்பார்க்கும் வரை கிரீஸ் கன்னை நிறுத்தாதீர்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையா? ஷாஃப்டை லேசாக ஆட்டிக்கொண்டே அடியுங்கள். கிங் பின்னுக்கு அடிக்கும்போது முன்பக்க ஆக்சிலை ஜாக்கியில் தூக்கினால்தான் பாரம் தாங்கும் பக்கத்துக்கும் கிரீஸ் போகும்.